மண் காப்புப் பயிற்சி மண்டபத்திலா, ஓடைக்கரையிலா?

மானாவாரி நிலமுடைய குடியானவர்களுக்கு மண் அரிப்பைப் பற்றிப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐப்பசியில் ஓர் இரவு கனத்த மழை பெய்து ஓய்ந்தபின், விடிந்ததும் காட்டுக்குப் போய்ப் பார்த்தால், மேட்டில் கற்கள் தலை காட்டியும், பள்ளத்தில் மணல் படிந்தும், ஓடையில் செந்நீர் ஓடியும் இருப்பதை அவர்கள் வருஷந்தோறும் கண்ணால் கண்டு வருகிறார்கள். அங்ஙனமிருந்தும் அநேக கிராமங்களில் வரப்பு உயரவில்லை; உழவுசால் திசை மாறவில்லை. இதற்குக் காரணம் குடியானவரின் அசிரத்தை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

மண் காப்பையும் நீர்ச் சேமிப்பையும் பற்றி நம் இலாகாவும் பிற ஸ்தாபனங்களும் நடத்திவரும் பயிற்சிகளும் விழாக்களும் தொகையில் குறைந்தவையல்ல. அவை நடைபெறும் இடம், நடைபெறும் காலம், அவற்றுக்கு அழைக்கப்படும் ஆட்கள் ஆகிய இம்மூன்றிலுமே குறை இருக்கிறது. இருபது வருஷங்களாக இப்பயிற்சிகளை நடத்தி வருகிறவர்களுள் நானும் ஒருவனாதலால், இங்கே கூறப்போகும் குறைகளில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறேன்.

நஷ்டத்தின் அளவு

போவது எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண் போய்விட்டால், அது ஏறக்குறைய 4 கன மீட்டர் ஆகும். டிப்பரில் மண் அடிப்பவர்களின் கணக்கில் சொன்னால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நிறையில் சுமார் 5 டன். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்திலும் குறைவாதலால், அது போனதைக் கண் அறிவதில்லை. மேலும், ஓடும் நீர் எளிதில் தூக்கிச் செல்வது பருமணலை அன்று. நுண்ணிய களிமண்ணையும், மக்கிய குப்பையையும், அவற்றோடு ஒட்டியுள்ள சத்துக்களையுமே அது முந்திக்கொண்டு எடுத்துப் போகிறது. ஏரி வண்டலை வாடகை கொடுத்து நிலத்துக்கு அடிக்கிற நாம், அதே வண்டலை ஓடை வழியே இனாமாக அனுப்பிக்கொண்டும் இருக்கிறோம்.

நீரின் கணக்கும் இத்தகையதே. ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அங்கு விழும் நீர் சுமார் 40,000 லிட்டர். ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு வழிந்தோடிவிட்டதென்று வைத்துக்கொண்டாலும், 10,000 லிட்டர் கொள்ளும் டாங்கர் லாரிகள் ஆறுக்கு மேற்பட்ட நீர் ஓர் ஏக்கரிலிருந்து ஓர் இரவில் வெளியேறுகிறது. பின்னர் தை மாதத்தில் கிணறு வற்றிவிட்டதென்று நாம் வருந்துகிறோம்.

தேச முழுமைக்குமாக 1983-ம் வருஷத்தில் துருவ நாராயணா, ராம் பாபு என்னும் இரு விஞ்ஞானிகள் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். வருஷத்துக்கு 533 கோடி டன் மண், அதாவது ஹெக்டேருக்குச் சராசரி 16 டன்னுக்குச் சற்று மேல், இடம் பெயர்கிறதென்று அதில் கண்டார்கள். ஏக்கர்க் கணக்கில் இது ஆறரை டன் அளவாகும். சராசரியே இதுவாயின், காப்பற்ற சரிவு நிலத்தின் கதியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் செய்த பிழை

இது நிற்க. சில வருஷங்களுக்கு முன், செம்மண் பூமியான ஒரு கிராமத்தில் மண் காப்புப் பயிற்சி ஒன்று நடத்தினேன். ஊர்ப் பொது மண்டபத்தில் பதாகையும் ஒலிபெருக்கியும் ஏற்பாடாயின. வந்தவர்களுக்குக் கையேடும் சாப்பாடும் கொடுத்தோம். வருகைப் பதிவேட்டில் 60-க்கு மேற்பட்ட கையெழுத்துக்கள் விழுந்தன. புகைப்படத்துடன் அறிக்கையும் மேலிடத்துக்குப் போயிற்று. கூட்டம் வெற்றியென்றே எல்லோரும் கருதினோம்.

வந்தவர்களுள் ஒருவர் நான் சொன்னதை அப்படியே நம்பினார். கணவரை இழந்து, ஓடையோரத்தில் உள்ள இரண்டு ஏக்கரைத் தாமே பயிர் செய்துவரும் ஓர் அம்மையார் அவர். கைப்பொருளைச் செலவிட்டு, ஆள் வைத்து, சரிவுக்குக் குறுக்கே நல்ல வரப்பொன்று போட்டு, நிலக்கடலை விதைத்தார்.

அவருடைய நிலத்துக்கு மேலே மூவருடைய காடுகள் இருந்தன. ஒருவர் பட்டணத்தில் வசிப்பவர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். குத்தகைக்காரரைக் கூட்டத்துக்கு நாங்கள் அழைக்கவில்லை. இன்னொருவரின் நிலம் பாகம் பிரியாமல் அண்ணன் தம்பிகளிடையே கிடந்தது. மூன்றாமவர் கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டவர்தாம். ஆனால் அவர் காட்டை உழுதது வாடகை டிராக்டர். நீளவாட்டத்தில் உழுதால் திருப்பங்கள் குறைந்து நேரம் மிச்சமாகும் என்பது ஓட்டுநரின் கணக்கு. அந்நிலத்தின் நீளவாட்டமே சரிவின் வாட்டமாகவும் இருந்தது.

ஐப்பசியில் பெய்த முதற் பெருமழையில், மேற்காட்டு உழவுசால்கள் யாவும் சிறு வாய்க்கால்களாகி, நீரை ஒருமுகமாகத் திரட்டி, அவ்வம்மையாரின் புதிய வரப்பின்மேல் கொண்டுவந்து தள்ளின. உபரி நீர் போவதற்குக் கல் பதித்த வடிகால் வைக்கவேண்டுமென்று கையேட்டில் எழுதியிருந்தேனேயன்றி, அவருடைய நிலத்துக்குச் சென்று அதற்குரிய இடத்தை நான் காட்டவில்லை. வரப்பு உடைந்தது. வரப்பே இல்லாதிருந்தால் பரவலாகச் சென்றிருக்கக்கூடிய வெள்ளம், உடைப்பின் வழியே ஒரே வேகமாகப் பாய்ந்து, அரை ஏக்கர் கடலையை மணலில் புதைத்துவிட்டது.

நான் போய்ப் பார்த்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “மேற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லாமல் எனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தீர்களே, ஐயா” என்று மட்டும் சொன்னார். நம் பயிற்சிகளின் குறை முழுதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக அன்றுமுதல் கருதி வருகிறேன்.

யாரை அழைப்பது?

நீர் பட்டாவைப் பார்த்து ஓடுவதில்லை. பள்ளத்தைப் பார்த்தே ஓடுகிறது. ஆதலின் மண் காப்புப் பயிற்சிக்கு ஊர் முழுவதையும் பொதுவாக அழைப்பதிலும், முன்னோடி விவசாயிகள் என்று ஊருக்கு இருவரைப் பொறுக்கி அழைப்பதிலும் பயன் சிறிதே. ஓர் ஓடையை எடுத்துக்கொண்டு, அதன் தலைமேட்டிலிருந்து கடைசிப் பள்ளம் வரையில் யார் யாருடைய நிலத்து நீர் அதில் விழுகிறதோ அவர்கள் அத்தனை பேரையும் ஒருசேர அழைக்கவேண்டும். அவர்கள் பதினைந்து பேராயினும் சரி, இருபது பேராயினும் சரி. மண்டபம் நிறையவேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை.

இங்கேதான் கிராம உத்தியோகஸ்தர்களின் உதவி இன்றியமையாததாகிறது. கிராம வரைபடமும் புலப்படமும் பட்டாதாரர் பெயர்களும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ளன. ஓடைப் புறம்போக்கின் இருபுறமும் உள்ள புல எண்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி ஒரு ஜாபிதா கொடுப்பது அவருக்கு அரை நாள் வேலை. வெளியூரில் வசிப்பவர் யார், பாகம் பிரியாதவர் யார், உண்மையில் உழுது பயிரிடுகிறவர் யார் என்பதும் அவர் அறிந்ததே. அந்த ஜாபிதா இல்லாமல் எங்கள் அழைப்பு, மணியம் பார்ப்பவரின் திண்ணையோடு நின்றுவிடுகிறது.

நிலச்சுவான்தார்களுக்கு மட்டும் சொன்னால் போதாது. உழவுசால் எத்திசையில் விழுகிறதென்பதை இக்காலத்தில் நிர்ணயிப்பவர் டிராக்டர் ஓட்டுநர். அவரை நாம் ஒரு பயிற்சிக்காவது அழைத்ததுண்டா? சரிவுக்குக் குறுக்கே உழுவதற்குச் சற்று அதிக நேரம் பிடித்தால், அந்த வாடகையைக் கொடுக்கிறேன் என்று நிலத்துக்குடையவர் அவர்முன் ஒப்புக்கொள்ளவேண்டும். களையெடுக்கும் பெண்களுக்கு எந்த இடத்தில் அரிப்புத் தொடங்குகிறதென்பது நிலத்துக்குடையவரைக் காட்டிலும் நன்றாய்த் தெரியும். வரப்பின்மேல் நட்ட வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் பிழைப்பது ஆடு மேய்ப்பவரின் கையில் இருக்கிறது. இவர்களை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சி, மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு முகூர்த்தம் குறிப்பதை ஒக்கும்.

நிலமற்றவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடையாக ஹரியானாவில் உள்ள சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரின் வரலாற்றைச் சொல்லலாம். சண்டிகர் நகரத்துக்காக 1958-ல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, மேலேயுள்ள குன்றுகளிலிருந்து வந்த வண்டலால் விரைவில் தூர்ந்துவந்தது. மண் காப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா முதலியோர் 1970-களில் காரணத்தைத் தேடிச் சென்றபோது, அக்குன்றுகளில் ஆடுமாடுகள் மேய்ந்து புல் பூண்டற்றுப் போயிருந்ததைக் கண்டனர். மேய்க்காதீர்கள் என்ற உபதேசம் மட்டும் பலிக்கக்கூடியதாக இல்லை. குன்றடியில் சிறு மண் அணைகள் கட்டி, அவற்றில் தேங்கிய நீரில் நிலமுள்ளோர் நிலமில்லாதோர் என்ற பேதமின்றிக் குடும்பந்தோறும் சம பங்கு என்று விதித்த பிறகே, குன்றைக் காக்கும் பொறுப்பை ஊரார் தாமாகவே ஏற்றுக்கொண்டனர். பயனில் பங்கில்லாதவனிடம் காவலை எதிர்பார்ப்பது வீண் என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

எப்பொழுது கூடுவது?

உலக மண் தினம் என்று டிசம்பர் 5-ந் தேதியை ஐக்கிய நாடுகள் சபை 2013-ல் நிர்ணயித்தது. அத்தினத்தில் நாமும் கூட்டங்கள் நடத்துகிறோம். வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள நம் ஜில்லாக்களில் அது கார்த்திகை மாதம். நிலத்தில் பயிர் நிற்கும், மண் ஈரமாயிருக்கும். அன்று வரப்புப் போடும் முறையைக் கேட்டுச் செல்பவர், அதைச் செய்து பார்க்க ஐந்து மாதம் காத்திருக்கவேண்டும். அதற்குள் கேட்டது மறந்துபோகும். இது கேட்பவரின் குற்றமன்று.

ஆனால் அதே டிசம்பர் 5-ந் தேதி வேறொரு காரியத்துக்கு மிகவும் ஏற்றது. ஓடும் நீரைக் கண்ணால் காண்பதற்குரிய காலம் அதுவே. மண்டபத்தை விட்டுக் குடை பிடித்துக்கொண்டு ஓடை நெடுகிலும் நடந்து பார்க்கலாம். மழை பெய்யும்போது ஒவ்வொருவரும் தம் நிலத்திலிருந்து வெளியேறும் நீரை ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, பெயர் எழுதி, ஓர் இரவு அசையாமல் வைக்கவேண்டும். மறுநாள் அடியில் படிந்த வண்டலின் கனம் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறதென்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருடைய நிலம் கரைகிறதென்பது பிரத்தியட்சமாகத் தெரியும். ஒரு மணி நேரப் பிரசங்கத்தைவிட அப்புட்டிகளின் வரிசை அதிகம் பேசும்.

தீர்மானம் செய்வதற்கு ஏற்ற நாளும் நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடவேண்டுமென்று 2022-ல் அரசாங்கம் அறிவித்தபோது, உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-ம் அவற்றில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அது பங்குனி மாதம்; அறுவடை முடிந்து நிலம் காலியாயிருக்கும் தருணம். இவ்வருஷம் எந்த ஓடை, யார் யார் நிலம், வடிகால் எங்கே, ஓடைப் புறம்போக்கில் அடைப்பு எங்கே என்பவற்றை அன்று சபையில் பேசி முடிவு செய்யலாம். பின்னர் சித்திரை வைகாசியில் கோடை மழை ஈரத்தைக் கொண்டு உழவும் வரப்பு வேலையும் நடைபெறவேண்டும். அப்பொழுதுதான் பயிற்சிக்கும் உரிய காலம். காலையில் கற்றதை மாலையில் செய்வதே பயிற்சி.

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். மழைக்கு முன் ஊர் கூடி ஏரிக் கரையையும் வரத்து வாய்க்காலையும் செப்பனிட்ட குடிமராமத்தில், இளைஞர்கள் மூத்தோருடன் நின்று, மண்வெட்டி பிடித்தே நீரின் போக்கைக் கற்றார்கள். அவ்வேலை தளர்ந்துபோகவே, அதைக் கட்டாயப்படுத்த 1858-ல் சென்னை ராஜதானியில் சட்டமே செய்ய நேர்ந்தது. அக்கற்கும் முறை கைநழுவியதே பெரிய நஷ்டம். 1949-ல் இதே ராஜதானியில் சமமட்ட வரப்புக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. ஆயினும் பிறர் போட்டுக் கொடுத்த வரப்பு ஏன் அவ்விடத்தில் போடப்பட்டதென்று உழுகிறவருக்குத் தெரியாதபோது, நில எல்லையோடு ஒத்துப்போகாத அவ்வரப்பு நாளடைவில் உழவில் கரைந்துபோவதே இயல்பு.

எங்கே, எவ்விதம்?

சரிவைக் காண்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கொத்தனார்கள் டியூப் லெவல் என்று சொல்லும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் 15 மீட்டரும், ஒரே உயரமுள்ள இரு கோல்களும் இருந்தால் போதும். குழாயின் இரு முனைகளையும் கோல்களில் கட்டி, குமிழ் இல்லாமல் நீர் நிரப்பி, இருவர் நிலத்தில் நடந்து, இரு கோல்களிலும் நீர் ஒரே குறியில் நிற்கும் இடங்களில் முளை அடித்துச் சென்றால், அதுவே சமமட்டக் கோடு. எட்டாம் வகுப்பு மாணவர்களும் இதைச் செய்யக் கண்டிருக்கிறேன். முளைகளின் வரிசை தாம் நேராயிருக்கும் என்று எண்ணிய தம் நிலத்தில் பாம்புபோல் வளைந்து செல்வதைக் காணும்போதுதான், குடியானவருக்குத் தம் நிலத்தின் உண்மையான சாய்வு புலனாகிறது. அக்காட்சியை மண்டபத்தில் காட்ட முடியாது.

மேலே சொன்ன கிராமத்தில் அடுத்த வருஷம் சித்திரையில் இம்முறையையே கையாண்டோம். கூடியவர்கள் பதினான்கு பேர். அவர்களுள் குத்தகைக்காரரும், டிராக்டர் ஓட்டுநரும், பட்டணத்திலிருந்து வந்த பட்டாதாரரும் உண்டு. தலைமேட்டிலிருந்து தொடங்கி நான்கு காலைப்பொழுதுகள் ஓடை வழியே நடந்தோம். மேற்காட்டில் குறுக்கு உழவும் இரண்டு வரப்புகளும், ஒவ்வொன்றுக்கும் கல் வடிகாலும் ஏற்பட்ட பிறகே, கீழே அவ்வம்மையாரின் வரப்பைத் திரும்பக் கட்டினோம். அவ்வருஷ மழையில் மேல் வரப்பொன்றில் சிறு கசிவு கண்டது. ஓட்டுநரே மண்வெட்டி கொண்டு அடைத்தார். அம்மையாரின் வரப்பு நின்றது. இதை ஒரு பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. முறை மாறினால் பலன் மாறுகிறதென்பதற்கு மட்டும் சொல்லுகிறேன்.

பெரிய அளவில் இதை நடத்த முடியுமா என்று ஐயுறுபவர்களுக்கு மகாராஷ்டிரம் ஓர் உதாரணம். அங்கே பானி பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம் 2016 முதல் 2019 வரையில் கிராமங்களிடையே நீர்க் கோப்பைப் போட்டி நடத்தியது. ஒவ்வொரு கிராமமும் தன்னவர் சிலரைத் தேர்ந்தனுப்பியது. அவர்கள் சில நாட்கள் தங்கிப் பயின்று ஊர் திரும்பியதும், கோடையில் ஆறு வாரம் அளவுக்கு ஊரார் உடலுழைப்பால் வரப்பும் அகழியும் அமைத்தனர். முதல் வருஷத்தில் 3 தாலூகாக்களில் தொடங்கியது, 2018-ல் 75 தாலூகாக்களுக்குப் பரவியது. அங்கே பயிற்சியும் வேலையும் மழைக்கு முன் ஒரே மூச்சில் நடந்தன. பரிசு, கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணிக் கொடுக்கப்படவில்லை, நிலத்தில் நடந்த வேலையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. இவ்விரண்டையும் நாம் பின்பற்றலாம்.

வேண்டுகோள்

இம்முறையில் ஒரு வருஷத்தில் ஓர் ஊழியர் சில ஓடைகளையே கவனிக்க முடியும். பயிற்சி பெற்றவர் தொகை குறையும். அறிக்கை மெலியும் என்பது உண்மையே. ஆனால் பதிவேட்டில் ஆயிரம் கையெழுத்துக்களும் நிலத்தில் ஒரு வரப்பும் இல்லாத நிலையைக் காட்டிலும், பதினைந்து பெயர்களும் நிற்கிற வரப்புகளும் உள்ள நிலை மேலானதன்றோ? ஆகையால், பயிற்சிப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே புல எண்ணும், மார்கழிக்குப் பின் “வரப்பு நிற்கிறதா?” என்று கேட்கும் ஒரு பத்தியும் சேர்க்கவேண்டுமென்று எங்கள் இலாகா மேலதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளுகிறேன். அப்பத்தியை நிரப்புவதற்காகவேனும் நாங்கள் இரண்டாம் முறை அந்நிலத்துக்குப் போவோம்.

கிராம உத்தியோகஸ்தர்களைக் கேட்டுக்கொள்வது, ஓடைவாரியான ஜாபிதா ஒன்றைப் பங்குனிக்குள் தயாரித்துக் கொடுப்பதும், ஓடைப் புறம்போக்கில் உள்ள அடைப்புகளைத் தாட்சண்யமின்றிச் சபை முன் வைப்பதுமாகும்.

நிலமுடைய குடியானவர்களை, விசேஷமாய் மேட்டு நிலமுடையவர்களை, ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். உங்கள் காட்டிலிருந்து போகும் மண் உங்களுக்கு நஷ்டம். அதனோடு போகும் வெள்ளம் கீழ்க்காட்டுக்காரருக்கு நஷ்டம். அடுத்த முறை எங்களில் எவரேனும் பயிற்சி என்று அழைத்தால், மண்டபத்தில் நாற்காலியில் உட்காருமுன், “எந்த ஓடைக்கு, ஐயா?” என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவரைக் கையோடு உங்கள் ஓடைக்கு அழைத்துப் போங்கள்.